தோலை இழுத்துக் கட்டியவர்களின் இலக்கணம்

(வாசகர் வட்டம் ஒன்றில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இசைக் கோட்பாடும் கருவிகளும் பாடல் அமைப்பும் வரலாற்றில் எப்படி வளர்ந்தன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரியது, எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சின்னது. நான் இசை அறிஞனும் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக் கொடுக்கிறேன். என் அப்பா வீட்டார் தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்தவர்கள். இந்த மூன்றும் சேர்ந்து எனக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டன. இசையின் இலக்கணத்தை யார் கண்டுபிடித்தார்கள்? எழுதி வைத்தவர்களா, தோலை இழுத்துக் கட்டியவர்களா? அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உலகம் முழுக்க இசைக் கோட்பாடு எப்படிப் பிறந்தது என்பதற்குக் கதைகள் உண்டு. ஐரோப்பாவில் சொல்லும் கதை பித்தாகரஸ் கதை. அவர் ஒரு கொல்லுப்பட்டறை வழியாக நடந்து போகிறார். உள்ளே நாலைந்து பேர் சம்மட்டி அடிக்கிறார்கள். சில சம்மட்டிகளின் ஓசை ஒன்றோடொன்று இனிமையாகச் சேர்கிறது. உள்ளே போய் எடையைப் பார்க்கிறார். 12, 9, 8, 6 என்ற விகிதத்தில் இருக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்றால் மேல் ச, மூன்றுக்கு இரண்டு என்றால் ப, நான்குக்கு மூன்று என்றால் ம. சுரங்களுக்கு நடுவே எண்கள் ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டார். இதுதான் கதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் பாடநூல்கள் இதை அப்படியே படி எடுத்துப் படி எடுத்து எழுதின.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கதை இயற்பியல்படி தவறு. சம்மட்டியின் எடையைப் பாதியாக்கினால் ஓசை இரண்டு மடங்கு உயராது. கம்பியில் எடையைத் தொங்கவிட்டாலும் அந்தக் கணக்கு வராது. மேல் ச வேண்டுமென்றால் எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது, நான்கு மடங்கு ஆக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள், அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம். கம்பியின் நீளத்துக்குத்தான் பித்தாகரஸ் எண்கள் சரியாகப் பொருந்தும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வின்சென்சோ கலிலி என்ற இசைக் கலைஞர் உண்மையிலேயே எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, கதை தவறு என்று எழுதினார். வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் அப்பா அவர். லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்துச் சம்பாதித்தவர். கையால் நரம்பைக் கட்டிப் பழகியவருக்குத்தான் அந்தச் சந்தேகமே வந்தது. ஆயிரம் வருடம் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்களில் ஒருவர்கூட ஒரு கொல்லரிடம் போய் இரண்டு சம்மட்டியைக் கடன் வாங்கித் தட்டிப் பார்க்கவில்லை!

நம் பக்கத்துக் கதையைப் பாருங்கள். பரதரின் நாட்டிய சாத்திரத்தில் தோல் கருவிகள் பிறந்த கதை வருகிறது. சுவாதி என்ற முனிவர் தண்ணீர் எடுக்கக் குளத்துக்குப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. தாமரை இலைகளில் துளிகள் விழுகின்றன. பெரிய இலையில் ஒரு ஓசை, சின்ன இலையில் ஒரு ஓசை. அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு வந்து, விசுவகர்மாவின் துணையோடு முழவுகளைச் செய்தாராம். அழகான கதை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரேக்கக் கதையில் கொல்லருக்குப் பெயர் இல்லை, ஆனாலும் அவர் இருக்கிறார், வியர்வை வழிய சம்மட்டி அடிக்கிறார். நம் கதையில் முனிவர் இருக்கிறார், மழை இருக்கிறது, இலை இருக்கிறது, தேவலோகத் தச்சர்கூட இருக்கிறார். தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டை இழுத்துப் போனவர் யார், உரித்தவர் யார், ஊற வைத்தவர் யார், மயிரைச் சுரண்டியவர் யார்? கதைக்குள் அவர் காலடி வைக்கவே இல்லை. ஊருக்கு வெளியே சேரி இருந்ததுபோல, கதைக்கும் வெளியே நிற்கிறார்.

சரி, அந்த வெளியே நின்றவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். இதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். வகுப்பு எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஒரு கம்பியை மீட்டினால் ஒரே ஒரு அதிர்வெண் வராது. அடிப்படை ஒன்று, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஒரு கூட்டமே வரும். எல்லாம் முழு எண் மடங்கு என்பதால் காது அதை ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் அப்படி இல்லை. அதைத் தட்டினால் அடிப்படைக்கு மேலே 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு, 2.65 மடங்கு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களாக வரும். அதனால்தான் வெறும் தோலைத் தட்டினால் "தொம்" என்று ஒரு ஓசை கேட்கிறதே தவிர, இது ச, இது ப என்று சொல்ல முடிவதில்லை. இது தோலின் குறை இல்லை. வட்டத்தின் கணிதம் அப்படி. உலகத்தின் பெரும்பாலான முரசுகள் இந்தக் கணிதத்துக்குக் கட்டுப்பட்டவை.

மிருதங்கம் கட்டுப்படவில்லை. வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் பார்த்திருப்பீர்கள். கிட்டம் என்கிற கருந்தூளை வெந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிசாக ஒரு பூச்சு வைத்து, கல்லால் தேய்த்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்த பூச்சு வைத்து, மறுபடி தேய்த்து என்று மணிக்கணக்கில் செய்கிற வேலை அது. நடுவில் கனமாகவும் ஓரத்துக்கு வர வர மெல்லிசாகவும் இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அதில் மயிரிழை போலப் பொடி வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு விழாவிட்டால் பூச்சு விறைத்துப்போய்த் தோல் அசையாது. அதிகமாக விழுந்தால் உதிர்ந்துவிடும். இப்படி நடுவில் எடை ஏற்றியதும் அந்த 1.59, 2.14 எல்லாம் இடம் பெயர்ந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முழு எண்களில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தோல் கம்பியைப் போலப் பாட ஆரம்பிக்கிறது. பாடுகிறவரின் சுருதிக்கு ஒரு தாளக் கருவியைச் சேர்க்க முடிகிறது.

இதை 1920இல் சி.வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து முழு எண் சுரங்களுக்குள் வந்து அடங்குகின்றன என்பதைத் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது கோடு கோடாக ஒதுங்குவதைப் பார்த்துக் காட்டினார். நல்ல ஆய்வு, என் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். என் சிக்கல் அந்த ஆய்வில் இல்லை. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த வரியில் "நமது முன்னோர்களின் அறிவு" என்று முடித்துவிடுகிறார்களே, அதில் இருக்கிறது. எந்த முன்னோர்? யாருடைய முன்னோர்? ஒரு வட்டத் தோலின் கணிதத்தையே மாற்றி எழுதுவது மந்திரத்தால் நடக்கிற காரியம் இல்லை. பூசிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சரியில்லை என்று சுரண்டிவிட்டு, மறுபடி பூசிய கைகளால் மட்டும்தான் நடக்கும். நாட்டிய சாத்திரக் காலத்தில் ஆற்றங்கரைக் கருமண்ணைப் பூசினார்கள் என்று அந்த நூலே சொல்கிறது. மண்ணிலிருந்து கிட்டமும் சோறும் வரை வருவதற்கு எத்தனை தலைமுறை சுரண்டியிருக்கும், எத்தனை தோல் வீணாகியிருக்கும் என்று யோசியுங்கள். அது ஆராய்ச்சி இல்லையா? ஏட்டில் எழுதாததால் அது "கைவேலை". எழுதியிருந்தால் "சாத்திரம்".

என் பெரியப்பா ஒரு மிருதங்கப் பட்டறையில் வேலை செய்தார். வார் பிடிப்பது அவர் வேலை. எருமைத் தோல் வாரைக் காலால் உதைத்துக்கொண்டு கையால் இழுப்பார். ஐம்பது வயதிலேயே தோள்பட்டை இறங்கிப்போனது. வித்வான் ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக் கேட்பார். "இந்தக் கண்ணில் கொஞ்சம் இறங்குதே" என்பார். பெரியப்பா கல்லால் மூட்டில் ஒரு தட்டு தட்டுவார். "இப்ப?" என்பார். அந்தத் திண்ணையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு காது இருந்தது. ஒரு இழை வித்தியாசத்தை இருவருமே கேட்டார்கள். ஒருவருக்கு அது ஞானம், இன்னொருவருக்குக் கூலி. அந்த வித்வான் வீட்டுக்கு மிருதங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் பெரியப்பா பின்வாசல் வழியாகத்தான் போவார். தோல் முன்வாசல் வழியாகப் பூசை அறை வரைக்கும் போகும். அதைக் கட்டியவர் கொல்லைப்புறத்தில் நிற்பார்.

தஞ்சாவூரில் செபஸ்தியான் குடும்பத்தார் தலைமுறைகளாக மிருதங்கம் செய்தவர்கள், தலித் கிறித்தவர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர். மணி ஐயரின் நாதம் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு பர்லாந்து என்ற பெயர் தெரியும்? இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. பசுவின் தோலால்தான் புனிதமான மிருதங்கம் பாடுகிறது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். சபையில் வாசிக்கிறவருக்கும் தெரியும். சொல்லக் கூடாது, அவ்வளவுதான். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்களே, அந்தத் தோலும் இந்தத் தோலும் ஒன்றுதான். அந்த நூலை எழுத ஒரு பார்ப்பனப் பாடகர் தேவைப்பட்டார் என்பது அவர் குற்றம் இல்லை. நூறு வருடமாக இந்த ஊரில் இசைப் பத்திரிகைகளும் சபைகளும் இசைக் கல்லூரிகளும் இருந்திருக்கின்றன. அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது கருவியிலிருந்து பண்ணுக்கும் பாட்டுக்கும் வருகிறேன். இங்கேயும் கதை பெரிதாக மாறவில்லை.

புறநானூற்றில் 335ஆம் பாட்டை மாங்குடி கிழார் பாடியிருக்கிறார். துடியர், பாணர், பறையர், கடம்பர் என்று நான்கு குடிகளை உயர்வாகச் சொல்கிறார். துடி அடித்தவர், யாழ் வாசித்துப் பாடியவர், பறை கொட்டியவர் என்று நான்கில் மூன்று குடிகளுக்குப் பெயரே இசையிலிருந்து வருகிறது. சில நூற்றாண்டுகள் போகட்டும். பெரியபுராணத்துக்கு வாருங்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலில் வெளியே நின்று வாசிக்கிறார். இறைவன் கனவில் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே வர முடிகிறது. பக்தர்கள் இதை இறைவனின் கருணை என்று படிக்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். புறநானூற்றில் ஊருக்கு நடுவில் இருந்த பாணர், சேக்கிழார் காலத்துக்கு வருவதற்குள் கோயில் வாசலுக்கு வெளியே போய்விட்டார். நடுவில் யாரோ அவரை வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பக்தி நூலே சாட்சி.

இதைவிடச் சுவையான ஒரு செய்தி திருமுறை கண்ட கதையில் வருகிறது. சோழ மன்னன் தேவார ஏடுகளைத் தில்லையில் தேடி எடுக்கிறான். சொல் கிடைத்துவிட்டது. எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏட்டைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவரிடம் கேட்டுப் பண் அமைத்தார்களாம். கதைக்குள் எவ்வளவு புராணம் கலந்திருந்தாலும், ஒரு உண்மையை அது மறைக்க முடியாமல் ஒப்புக்கொள்கிறது. இலக்கணம் ஏட்டில் இல்லை, ஒரு பாணப் பெண்ணின் தொண்டையில் இருந்தது. ஏட்டைக் கண்டெடுத்த மன்னனுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கதை சொல்லவில்லை.

இதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் 400 தளிச்சேரிப் பெண்டிரின் பட்டியல் இருக்கிறது. கொட்டுகிறவர்கள், பாடுகிறவர்கள் பட்டியலும் இருக்கிறது. கலைக்குச் சோழர் செய்த தொண்டு என்று மேடையில் முழங்குவார்கள். அதே கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் இருக்கின்றன. அதைச் சொல்ல மாட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி சதுர்தண்டி பிரகாசிகை என்ற நூலை எழுதுகிறார். இன்றைக்குக் கர்நாடக இசையின் முதுகெலும்பு என்று சொல்லும் 72 மேளத்தின் கணக்கு அதில்தான் வருகிறது. கணக்காகப் பார்த்தால் மிகத் தெளிவான வேலை. ரி, க இரண்டும் சேர்ந்து ஆறு விதம், த, நி இரண்டும் சேர்ந்து ஆறு விதம், ஆறை ஆறால் பெருக்கினால் 36, ம இரண்டு விதம் என்பதால் 72. நான் வரிசைமாற்றம் நடத்தும்போது இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஆனால் அவர் காலத்தில் உண்மையில் பாடப்பட்டவை 19 மேளம் என்று அவரே எழுதுகிறார். மீதி எல்லாம் கட்டம் போட்டு வைத்த காலி அறைகள். அந்த 19ஐயும் கட்டத்துக்கு முன்பே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முதலில் வந்தது, கட்டம் பிறகு வந்தது. பிறகு கட்டம்தான் தாய், பாட்டு சேய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! தாய் இராகம், சேய் இராகம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், நாடார் கிறித்தவர், சித்த மருத்துவர். மருந்து விற்ற காசில் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரும் நூலை வெளியிட்டார். 22 சுருதி என்று வடமொழி நூல்கள் சொல்வது வாசிக்கும் இசையோடு பொருந்தவில்லை, சிலப்பதிகாரம் சொல்லும் முறையில் கணக்கிட்டால் 24 வருகிறது என்று எழுதினார். அவர் சொன்னதெல்லாம் சரியா என்று இன்றும் விவாதிக்கலாம், நானே சில இடங்களில் முரண்படுவேன். ஆனால் அவர் 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய மாநாட்டுக்குப் போனபோது வெறும் சுலோகத்தைக் கொண்டுபோகவில்லை. தன் மகள்களை அழைத்துப்போய் வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். ஏட்டை ஏட்டால் மறுக்காமல், நரம்பில் விரலை வைத்துப் பார் என்றார். வின்சென்சோ கலிலி எடையைத் தொங்கவிட்டாரே, அதே குணம்.

சரி, பறைக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

பறைக்குச் சபையில் ஏன் இடமில்லை என்று கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "அதுக்கு சுருதி இல்லைங்க." சரி, கஞ்சிராவுக்கு? உடும்புத் தோலில் கட்டிய கருவி. ஓசை இறங்க வேண்டும் என்றால் தண்ணீரைத் தடவுவார்கள். மிருதங்கம் மாதிரி பாடகரின் சுருதிக்கு அதைச் சேர்ப்பதில்லை. புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை அதில் இறங்கிக் கணக்கு வழக்கையெல்லாம் வாசித்துக் காட்டிய பிறகு சபை எழுந்து இடம் கொடுத்தது. வயலின்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தோடு வந்த கருவி. பாலுசாமி தீட்சிதர் கற்றுக்கொண்டார், இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரியே இல்லை. மாண்டலின் வந்தது, சாக்சபோன் வந்தது, இரண்டையும் வரவேற்றார்கள். கடல் கடந்து வந்த கருவிக்கு ஒரு தலைமுறையில் கிடைத்த இடம், ஊர்க் கோடியிலிருந்து வர வேண்டிய கருவிக்கு ஏன் கிடைக்கவில்லை? தடை சுருதியில் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

உள்ளே விட்டவர்களையும் எப்படி விட்டார்கள் என்பது வேறு கதை. நாகசுரக்காரர் தோளில் துண்டு போடக் கூடாது, கோயில் ஊர்வலத்தில் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். கானாடுகாத்தான் ஊர்வலத்தில் சிவக்கொழுந்து தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே, வாசி என்று பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்றதைச் சுயமரியாதை இயக்கத்தார் இன்றும் சொல்வார்கள். டி.என். இராஜரத்தினம் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார், கோட்டுப் போட்டு, கிராப்பு வைத்துக்கொண்டு. அதே இராஜரத்தினம்தான் கட்டையான திமிரி நாகசுரத்தை விட்டுவிட்டு நீளமான பாரிக்கு மாறியவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து துளை அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்திமம் சரியாக நிற்கிற நாகசுரத்தை அவருக்குச் செய்து கொடுத்தார். உட்கார்ந்து வாசிக்கும் உரிமையும் ஒரு சுரத்தின் துல்லியமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பக்கத்தில் பக்கத்தில் வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. நிமிர்ந்து உட்காருகிறவர்தான் கருவியை மாற்றிக் கேட்பார்.

பறைக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. பறைக்கு ஊர் கொடுத்த வேலை சாவு. கூப்பிட்டால் போக வேண்டும், விடிய விடிய அடிக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். போக மாட்டேன் என்றால் அடி, சேரிக்குத் தீ. ஆங்கில அகராதியில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் "பறையா" என்ற சொல் இந்தக் கருவியின் பெயரிலிருந்து போனதுதான். ஒரு இசைக் கருவியை வைத்திருந்தவரின் பெயர் உலகம் முழுக்க இழிசொல்லானது வேறு எங்காவது நடந்திருக்கிறதா?

அதனால் நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு குரல் உண்டு. பறையைத் தூக்கிப் போடு, அது அடிமைச் சின்னம், இனி எந்த வீட்டுச் சாவுக்கும் அடிக்காதே என்பது ஒன்று. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் அடிக்க மறுத்து உதை வாங்கியது இதற்காகத்தான். இன்னொன்று, தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்களோடு எழுந்த குரல். பறை விடுதலையின் இசை, மேடையில் ஏற்று, பெண்களும் அடிக்கட்டும் என்றது. திண்டுக்கல்லின் சக்தி கலைக் குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

நான் இரண்டாவது குரலோடு நிற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதல் குரலின் நினைவை அழித்துவிட்டு நிற்கக் கூடாது. இப்போது கல்லூரி விழா, திருமணம், கட்சி மாநாடு எங்கும் பறை. "தமிழரின் ஆதி இசை" என்று பதாகை. மகிழ்ச்சி. ஆனால் ஆதித் தமிழர் எல்லோரும் சேர்ந்து பறை அடித்த மாதிரி பேசுகிறார்களே, அதில் ஒரு திருட்டு இருக்கிறது. நேற்று வரை தீட்டு என்று ஒதுக்கியவர் இன்றைக்கு இனத்தின் அடையாளம் என்று கட்டிக்கொள்கிறார். பறையை மட்டும் எடுத்துக்கொண்டு பறையரை விட்டுவிடுகிறார். சுவாதி முனிவர் கதையின் புதிய பதிப்பு இது. மழைக்குப் பதில் மேடை விளக்கு, அவ்வளவுதான். அதே ஊரில் சாவு வீட்டில் அடிக்கிற அண்ணனுக்கு இன்னும் தனிக் குவளையில் தேநீர் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, இளைஞர்களே, உங்களிடம் ஒன்று. பறை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் ஒரு வாரத்தில் நாலு அடி பழகிவிடுகிறார்கள். இடக்கையில் நீளச் சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, ஆட்டம், குலவை, கைதட்டல், காணொளி. அதற்கு மேலே போவதில்லை. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, செய்தி சொல்ல ஓர் அடி என்று ஊருக்கு ஊர் வேறுபடுகிற ஒரு பெரும் தொகுப்பு பெரியவர்களின் கையில் இருக்கிறது. அதெல்லாம் இயற்றப்பட்ட இசை. காற்றில் தானாக முளைத்ததில்லை. கீர்த்தனை எழுதியவர் தன் முத்திரையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார், நாமும் அவர் பெயரில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். ஓர் அடியை முதலில் கட்டிய நம் பாட்டனுக்கு முத்திரை வைக்க இடமில்லை. அதனால் அதை "நாட்டுப்புறம்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் போன ஐப்பசியில் ஒருவர் போனார். அவரிடம் மட்டும் இருந்த மூன்று அடிகளில் ஒன்றைத்தான் என் பிள்ளைகள் பதிவு செய்திருந்தார்கள்.

இரண்டாவது, கருவி செய்வது. இப்போது பிளாஸ்டிக் தாளில் கட்டிய பறை கிடைக்கிறது. மழையில் நனையாது, தீ மூட்டிக் காய்ச்ச வேண்டாம். வசதிதான், நானும் தொடக்க வகுப்புக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் தோல் ஏன் ஈரத்தில் தொய்கிறது, வைக்கோல் தீயில் காட்டினால் ஏன் ஓசை ஏறுகிறது, எவ்வளவு காட்டினால் கிழியும் என்று தெரியாமல் வாசிக்கிறவர் பாதி இசையைத்தான் கற்றிருக்கிறார். ஈரம் வெளியேறினால் தோல் சுருங்கும், சுருங்கினால் இழுவிசை கூடும், கூடினால் அதிர்வெண் கூடும். பாடநூலில் ஒரு பக்கம் வருகிற பாடத்தை எங்கள் தெருவில் பத்து வயதுப் பையன் சாவு வீட்டு வாசலில் தீ மூட்டிக் கற்றுக்கொண்டான். அந்தப் பையனைத்தான் பிறகு பள்ளிக்கூடத்தில் "உனக்கு பிசிக்ஸ் வராது" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு அதைச் சொன்ன ஆசிரியர் நல்லவர்தான். அவருக்கு என் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. இசைக் கல்லூரிகளில் மிருதங்கம் வாசிக்க ஆசிரியர் உண்டு, மிருதங்கம் செய்யச் சொல்லித்தர ஆசிரியர் வேண்டும், அதே சம்பளத்தில். விருதுப் பட்டியலில் வாசித்தவருக்குப் பக்கத்தில் கட்டியவர் பெயர் வர வேண்டும். தோள்பட்டை இறங்கிப்போன தொழிலாளிக்கு மருத்துவமும் ஓய்வூதியமும் வேண்டும். சாவுக்குப் பறை அடிக்க யாரையும் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும். இவற்றை மனுவாக எழுதியிருக்கிறோம், வெளியே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அதோடு, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் இரண்டு பறை புதிதாகக் கட்டுகிறோம். தோல் வியாழக்கிழமையே ஊறப் போட்டுவிடுவோம். காலை ஆறு மணிக்கு வந்தால் சுரண்டுவதிலிருந்து பார்க்கலாம், கையும் வைக்கலாம். நாற்றம் அடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். கட்டி முடித்துத் தீயில் காட்டி முதல் அடி அடிக்க மதியம் ஆகிவிடும். அங்கேயே சாப்பாடு, மாட்டுக்கறிக் குழம்பு.